மேல் வீட்டுச் சாவி

என் சித்தப்பா குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டார். பள்ளி விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே இதைப் பார்த்திருக்கிறேன். கதவை விரல் நுழையும் இடைவெளி விட்டுச் சாத்துவார். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே என்று, சோப்புப் போடுவதிலிருந்து துவட்டி முடிப்பது வரை ஒரே மெட்டை முனகிக்கொண்டிருப்பார். அந்த மெட்டுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. "உள்ளே ரேடியோ ஓடுது, அப்புறம் போ" என்பார் சித்தி. பீரோ, வண்டிப் பெட்டி, வாசல் கதவு எதையும் அவர் பூட்டி நான் பார்த்ததில்லை. கடைசி ஆளாகப் படுக்கப் போகும் சித்திதான் எழுந்து வந்து வாசலைப் பூட்டுவார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவும் எடுபிடியாகச் சேர்ந்து, மெக்கானிக்காகி, நகரத்தின் பாதிக் கட்டடங்களின் உச்சி அறைகளை அறிந்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதுதான் அவருடைய வேலையில் பெரிய பங்கு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் அழுதுகொண்டிருப்பவரிடம், "என்ன சார், வீட்டுல என்ன சமையல்?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவை நெம்புவார். பூட்டிய கதவு என்றாலே அவருக்கு ஆகாமல் போனது இதனால்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். அது சரிதானா என்று அவரிடம் கேட்டதில்லை.

அந்த வேலையில் இன்னொரு பழக்கமும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. லிஃப்ட்டில் மாட்டி வெளியே வருபவர்கள் கண்டபடி ஏசுவார்கள். அப்போது மெக்கானிக் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பது அவருடைய கம்பெனி சொல்லிக் கொடுத்த விதி. மன்னிப்புக் கேட்டால் தப்பு நம்முடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், நாளைக்கு வழக்கு வரும். அதனால் "இப்போ சரியாயிடுச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தனை வருடம் அதைச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதுவே வரும். பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நனைத்தாலும், சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக மறந்தாலும், துடைத்துவிட்டோ வண்டியைக் கிளப்பிவிட்டோ, "இப்போ சரியாயிடுச்சு" என்பார். "இந்த ஆளு வாயில இருந்து 'தப்பு'ன்னு ஒரு வார்த்தையை எடுக்கறதுக்கு இன்னொரு மெக்கானிக்தான் வரணும்" என்று சித்தி சொல்வார்.

நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம் அவர்களோடு தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் மிக்சி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மிக்சிக்கும் என் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ எதுக்குத்தான் சம்பந்தம்?" என்று சித்தப்பா கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். நான் மிக்சியைக் கழற்றத் தொடங்கினேன்.

அந்த வருடம்தான் சித்தியின் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். இதயம் தாளம் தப்பினால் அதைத் தட்டி நேராக்கும் கருவி. அதோடு ஒரு வெள்ளைப் பெட்டியும் வந்தது, கட்டிலின் தலைமாட்டில் வைக்க. தினமும் சித்தி தூங்கும்போது அந்தப் பெட்டி கருவியோடு பேசி, இதயம் எப்படி ஓடியது என்ற கணக்கை வீட்டு வைஃபை வழியாக மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். அனுப்பிவிட்டால் பச்சை விளக்கு. அனுப்ப முடியாவிட்டால் ஆரஞ்சு; விட்டுப்போன கணக்கை, சித்தி பக்கத்தில் இருக்க, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பும்.

வீட்டு வைஃபைக்கும் பூட்டுக் கிடையாது. இணைப்புக் கொடுக்க வந்த ஆள் ஒரு சாவிச் சொல்லை வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். சித்தப்பா மறுநாளே அவரைத் திரும்ப வரவழைத்து எடுக்கச் சொல்லிவிட்டார். "வர்றவங்க போறவங்களுக்கு எல்லாம் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கிட்டு உட்கார முடியுமா?" என்பது அவர் கட்சி. அந்த அடுக்ககத்தில் பாதி வீடுகள் எங்கள் இணைப்பில்தான் ஓடின.

பெட்டி வந்து கொஞ்ச நாளில், ஆரஞ்சு விளக்கு அடிக்கடி எரியத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

"மூணு நாளா ரீடிங் வரலைங்க. கடைசியா வந்ததுல கொஞ்சம் ஏத்த இறக்கம் இருந்துச்சு. பேஷன்ட் எப்படி இருக்காங்க?"

சித்திக்கு விடிகாலையில் தலை சுற்றியிருந்தது. அதைச் சொன்னேன்.

நர்ஸின் குரல் மாறியது. "இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ரீடிங் வந்தாகணும். டாக்டர் அதைப் பார்த்துட்டுத்தான் மாத்திரையை முடிவு பண்ணுவார். வரலைன்னா காத்திருக்காம அட்மிஷனுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. ஆனா படி இறங்க விடாதீங்க. லிஃப்ட் இருக்கில்ல?"

லிஃப்ட் இருந்தது. ஓடவில்லை. மோட்டாரில் ஏதோ கோளாறு, ஓடும்போது திடீரென்று உதறும். அதைக் கண்டுபிடிக்க முடியாமல், எங்கள் கட்டடத்து லிஃப்ட்டை சித்தப்பாவே நிறுத்தி, எல்லா மாடியிலும் பலகை மாட்டியிருந்தார். மாற்றிப் பார்க்க ஓர் உதிரிப் பாகம் வர வேண்டியிருந்தது. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. ஆறு மணிக்குள் கணக்குப் போகாவிட்டால், சித்தியை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்க வேண்டும்.

"என்னைப் பொணம் மாதிரி தூக்கிட்டுப் போறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் சித்தி, படுத்தபடியே. "போற வழியிலேயே நெஞ்சு நின்னுடும், பயத்துல."

"சும்மா இரு. அதெல்லாம் வேண்டியிருக்காது" என்றார் சித்தப்பா. அவர் முகம் வெளிறியிருந்தது.

நான் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தி போல நீண்டது. ஆனால் எல்லோருமாகச் சேர்ந்து எடுப்பதைவிட, பெயரில்லாத ஒரே ஒரு கருவி எடுத்துக்கொண்டிருந்தது. பகல் இரவு என்றில்லை, ஊர் தூங்கும் நேரத்திலும் நிற்காமல் இழுத்திருந்தது. பெட்டி கணக்கை அனுப்பும் நேரத்திலும் அதுதான் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"ராத்திரியிலயுமா?" என்றார் சித்தப்பா. "ராத்திரி பூரா விளக்கெரியற வீடு இங்கே ஒண்ணே ஒண்ணுதான்."

எங்களுக்கு நேர் மேலே, நான்காம் மாடியில் இருந்த தையல்கார அக்காவைச் சொன்னார். கணவர் இல்லாதவர், இரவு வெகு நேரம் தைப்பார். தைக்கும்போது செல்போனில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

"சித்தப்பா, அவங்கதான்னு நமக்குத் தெரியாது. பூட்டுப் போட்டுட்டா தானா..."

அவர் படியில் பாதி ஏறியிருந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அக்கா கழுத்தில் அளவு நாடாவும் வாயில் குண்டூசிகளுமாகக் கதவைத் திறந்தார்.

"ஏம்மா, ராத்திரி பூரா என் லைன்ல என்ன படம் ஓடுது?"

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கையில் குத்திக்கொண்டார். அது முடிந்த பிறகுதான் வாய் திறந்தார். "எந்த லைன்ணே?"

"வைஃபை லைன். சீக்காளி இருக்கற வீடுன்னு தெரியுமில்ல? தெரிஞ்சும் உறிஞ்சினா நல்லாவா இருக்கு?"

"எனக்குத் தனி லைன் இருக்குண்ணே. போன வருஷமே போட்டுட்டேன்."

"தனி லைனை மிச்சம் பிடிக்கத்தானே அடுத்தவன் லைனைத் திருடறது!"

திருட்டு என்ற சொல் படிக்கட்டில் விழுந்ததும் மேலேயும் கீழேயும் கதவுகள் திறந்தன. நான் சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா திறந்த கதவுகளை எல்லாம் ஒரு முறை பார்த்தார்.

"சரிண்ணே. போய்ப் பூட்டிக்கோங்க. அப்புறம் தெரியும் யாருன்னு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே வந்ததும் வேலையைத் தொடங்கினேன். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, என் தோள் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவின்னா எங்கே? கையில குடு, பார்க்கலாம்."

"கையில பிடிக்கற சாவி இல்ல சித்தப்பா. இப்போ நம்ம வீட்டுல இருந்து காத்துல போறதெல்லாம் தபால் கார்டு மாதிரி, யாரு வேணும்னாலும் பார்க்கலாம். யாரு வேணும்னாலும் உள்ளேயும் வரலாம். நாம ஒரு சொல்லு வெச்சா, அதை வெச்சு இந்த டப்பா எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு அனுப்பும். அந்தச் சொல்லு தெரிஞ்சவங்களுக்குத்தான் திரும்பச் சேர்த்துப் படிக்க வரும். உள்ளே நுழையறதும் அவங்கதான்."

"சொல்லு மறந்துட்டா?"

"வெளியே நிக்க வேண்டியதுதான்."

"இதுக்குத்தான் நான் பூட்டே போடறதில்ல" என்று முணுமுணுத்தார். ஆனால் சொல்லை அவரே தேர்ந்தெடுத்தார். லிஃப்ட்டின் பாகங்களை வரிசையாக, இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னார். "போதுமா? இன்னும் பாகம் இருக்கு."

எந்த வகைக் குறியாக்கம், அதாவது எந்த வகைப் பூட்டு, என்று ரூட்டர் கேட்டது. பழையது, புதியது என்று வகைகள் இருந்தன. மிகப் பாதுகாப்பானது என்று போட்டிருந்த புதியதைத் தொட்டேன். ரூட்டர் ஒரு முறை அணைந்து எரிந்தது. பந்தி முழுவதும் காலி. பெயரில்லாத கருவியும் இல்லை.

"பார்த்தியா? ஓடிட்டா" என்றார் சித்தப்பா.

என் செல்போனில் புதுச் சொல்லைப் போட்டேன், இணைந்தது. அவருடையதும் இணைந்தது. அதற்குள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்துவிட்டார். "லிஃப்ட் சார், நெட் போயிடுச்சே? நியூஸ் பாதியில நிக்குது. வாசிக்கறவ வாயைத் திறந்தபடியே நிக்கறா."

"கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டும்" என்று சித்தப்பா அவரை அனுப்பினார்.

தலைமாட்டுப் பெட்டியில் சொல்லைப் போடுவது லேசான வேலையில்லை. அதில் இரண்டே பொத்தான்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அகரவரிசை முழுவதும் நடக்க வேண்டும். சித்தப்பாவின் நீண்ட சொல்லைப் போட்டு முடித்தபோது என் கட்டை விரல் வலித்தது. விளக்கு சிமிட்டியது. ஆரஞ்சு. தப்பாகப் போட்டிருப்பேன் என்று மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். ஆரஞ்சு.

சித்தி கண்ணை மூடிக்கொண்டு, "கண்ணு, மணி என்ன?" என்று கேட்டார். மூன்றரை என்றேன்.

அந்தக் கட்டடத்தில் செல்போனில் பேச வேண்டுமானால் தெருப் பக்கப் பால்கனியின் ஒரு மூலையில்தான் நிற்க வேண்டும். மற்ற இடங்களில் சிக்னல் எடுக்காது. அங்கே போய், பெட்டிக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்தார். பெட்டியின் மாதிரியைக் கேட்டார். "அது பழைய மாடல் மேடம். பழைய வகைப் பூட்டுதான் அதுக்குப் புரியும். ரூட்டர்ல அதை மட்டும் மாத்துங்க, போதும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஒரே ஒரு தொடுகை, அவ்வளவுதான்.

உள்ளே ஓடினேன். சித்தப்பா ரூட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, சித்தியின் சேலை ஊக்கை அதன் பின்பக்க ஓட்டைக்குள் விட்டு அழுத்திக்கொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா!"

"இரு, முடிஞ்சுது." ஊக்கை எடுத்தார். எல்லா விளக்குகளும் அணைந்து ஒன்றாக எரிந்தன. "ரீசெட்னு போட்டிருக்கு. எங்க லிஃப்ட் பெட்டியிலயும் இதே பொத்தான்தான். வண்டி எங்கே மாட்டியிருந்தாலும் சரி, இதை அழுத்திப் பிடிச்சா மெள்ளக் கீழே வந்து தானா கதவைத் திறந்துடும். இப்போ சரியாயிடுச்சு."

லிஃப்ட்டில் அந்தப் பொத்தான் ஆட்களைக் காப்பாற்றுகிறது. ரூட்டரில் அது எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. எங்கள் சாவிச் சொல் போனது போகட்டும். இணைப்புக் கம்பெனிக்குள் நுழைய அந்த ரூட்டருக்குக் கொடுத்திருந்த எண்ணும் கடவுச்சொல்லும் போய்விட்டன. அவை எங்களிடம் இல்லை. பால்கனிக்கு ஓடிக் கம்பெனியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது, நாளை ஆள் வருவார் என்று பதிவு செய்த குரல் சொன்னது. மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் அதே கனிவோடு சொன்னது. வீட்டுக்குள் வைஃபை இருந்தது. அதிலிருந்து வெளியே போக வழி இல்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் செல்போன் வழியாகவே பெட்டியை இணைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சித்தியை மெள்ள எழுப்பி, கூடத்துக்குக் கூட்டி வந்து, பால்கனி ஓரமாக உட்கார வைத்தோம். நான் அந்த மூலையில் செல்போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். பெட்டியில் விளக்குகள் வரிசையாக ஏறும்போதுதான் கணக்குப் போகிறது என்று அர்த்தம். ஒன்று எரிந்தது, இரண்டு எரிந்தது, பாதி வரை வந்தது. அங்கேயே நின்றது. பிறகு ஆரஞ்சு. மறுபடியும் செய்தேன். இந்த முறை பாதிக்குக்கூட வரவில்லை. சித்தியின் நெற்றியில் வேர்த்திருந்தது.

"மறுபடியும் சுத்துது" என்றார்.

மறுபடி கட்டிலில் படுக்க வைத்தோம். சித்தப்பா அவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பது போல வைத்துக்கொண்டார். மோட்டாரின் ஓட்டத்தைத் தொட்டே சொல்லிவிடுவார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. மணி ஐந்தாகியிருந்தது. நாற்காலியைத் தூக்க யார் யாரைக் கூப்பிடலாம் என்று நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். தபால்காரருக்கே படி ஏற மூச்சு வாங்கும்.

அந்த அமைதியில், மேலே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தடதடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மூன்று பேரும் கேட்டோம். எங்களுக்குத் தெரிந்து, கட்டடத்தில் சொந்த இணைப்பு உள்ள இன்னொரு வீடு அது ஒன்றுதான்.

"போங்க" என்றார் சித்தி.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கற மூஞ்சியைத்தான். புதுசு எங்கே போய் வாங்குவீங்க இப்போ?"

சித்தப்பா எழுந்தார். படியில் என்னை முன்னால் போகவிட்டு, இரண்டு படி பின்னால் வந்தார்.

அக்கா கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். சித்தப்பா, "ஏம்மா..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. நான்தான் மூச்சிரைத்தபடி விஷயத்தைச் சொன்னேன். பெட்டி, ஆறு மணி, ரீசெட், தலை சுற்றல், எல்லாம் குழறிக் கொட்டினேன். நான் முடிப்பதற்குள் அக்கா உள்ளே திரும்பிவிட்டார்.

"உங்க கட்டில் எந்தப் பக்கம்? ஜன்னல் பக்கமா?"

"ஆமாக்கா."

மேஜை மேலிருந்த தன் ரூட்டரை ஒயரோடு இழுத்து, துணிகளைக் காலால் தள்ளிவிட்டு, ஜன்னல் ஓரமாக வெறும் தரையில் வைத்தார். "இப்போ நேர் கீழேதானே? போதுமா? பூட்டு பழைய வகைதான், போட்டது போட்டபடி இருக்கு. கீ என்னன்னா, என் மெஷின் அடியில பொறிச்சிருக்கற நம்பர்." அந்த நீண்ட எண்ணை, எழுத்தும் இலக்கமுமாகச் சொன்னார். பிறகு சித்தப்பாவைப் பார்க்காமல், "அண்ணே, மொட்டை மாடி மெஷின் ரூம்ல ஒரு செல்போன் கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. இப்போ துணி எடுக்கப் போனப்போ கம்பி வழியாப் பார்த்தேன். மோட்டாருக்கு எதிரே நிறுத்தி வெச்சிருக்கு. உங்களுதா?" என்றார்.

சித்தப்பா மொட்டை மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார்.

அவருடையதுதான். மோட்டார் எப்போது உதறுகிறது என்று கீழே இருந்தபடியே பார்க்க, பழைய செல்போனை எங்கள் வைஃபையில் இணைத்து, சார்ஜில் போட்டு வைத்திருக்கிறார். பிறகு லிஃப்ட்டை நிறுத்திவிட்டார். செல்போனை மறந்துவிட்டார். ஓடாத மோட்டாரை அது இரவும் பகலும் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

"என்னுதுதான்" என்றார். அக்கா காத்திருந்தார். "இப்போ... சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

நான் நின்று பேசவில்லை. ஓடினேன். பெட்டியில் எண்ணைப் போடத் தொடங்கியபோது, பாதிக்கு மேல் மனதில் இல்லை. படியில் எங்கேயோ சிந்திவிட்டது. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். கட்டடத்துக்கு நடுவே எல்லா வீட்டு ஜன்னல்களும் பார்க்கும் ஒரு காற்றுக் குழி உண்டு.

"அக்கா! மறந்துடுச்சு! மறுபடி சொல்லுங்க!"

மேலே அக்காவின் தலை தெரிந்தது. ஒரு கணம் தயங்கினார். குழியைச் சுற்றி எத்தனை ஜன்னல்கள் திறந்திருந்தன என்று எனக்கே தெரிந்தது. பிறகு கையை வாயருகே குவித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார். ஒவ்வொன்றுக்கும் நான் பொத்தானை அழுத்தி, "ம்!" என்று கத்தினேன். கட்டடமே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி இலக்கம் முடிந்தது.

விளக்கு சிமிட்டியது. "சித்தி, அசையாதீங்க" என்றேன். சித்தப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல் விளக்கு. இரண்டாவது. பாதி. அங்கே நின்றது. நான் மூச்சு விடவில்லை. மூன்று பேரும் விடவில்லை என்று நினைக்கிறேன். பிறகு அடுத்தது எரிந்தது, அதற்கு அடுத்தது, எல்லாம். பச்சை.

"போயிடுச்சா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"போயிடுச்சுக்கா!"

பால்கனி மூலையில் நானும் சித்தப்பாவும் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம். நர்ஸ் கூப்பிட்டபோது வெளிச்சம் குறைந்துவிட்டது. விடிகாலையில் இதயம் தாறுமாறாக ஓடியிருக்கிறது, கருவி அதைச் சரி செய்திருக்கிறது, ஒரு மாத்திரையை உடனே இரட்டிப்பாக்க வேண்டும், இன்னொன்றை நிறுத்த வேண்டும். "இது தெரியாம பழைய மாத்திரையையே ராத்திரியும் கொடுத்திருந்தா... நல்லவேளை" என்றார் நர்ஸ். நல்லவேளை என்பதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. படுத்தே இருக்கட்டும், லிஃப்ட் ஓடியதும் கூட்டி வாருங்கள் என்றார்.

மறுநாள் கம்பெனி ஆள் வந்து எங்கள் இணைப்பைச் சரி செய்தார். சாவிச் சொல்லும் போட்டோம். தலைமாட்டுப் பெட்டியையும் எங்கள் இணைப்புக்கே மாற்றிவிடலாம் என்றேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடற மெஷின்ல கை வைக்காதே." நான் வற்புறுத்தவில்லை. அந்த ஆரஞ்சு விளக்கை இன்னொரு முறை பார்க்கும் தெம்பு எனக்கும் இல்லை. அதனால் பெட்டி மேல் வீட்டு இணைப்பிலேயே இருந்துவிட்டது.

எங்களுடையது பூட்டப்பட்டது, அக்காவுடைய எண் எல்லோர் காதிலும் விழுந்தது. ஜன்னல்கள் சும்மா இருக்குமா? எங்கள் பந்தி அப்படியே எழுந்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் ரவிக்கை மாதிரிப் படங்கள் அக்காவின் செல்போனில் பாதி திறந்து நிற்கும். நான் வெட்கத்தோடு போய், "கீயை மாத்திடுங்கக்கா. பெட்டியில புதுசை நானே போட்டுத் தர்றேன்" என்றேன்.

"மாத்திக்கிட்டு இருக்கற அந்த நேரத்துல கீழே ஏதாவது ஆயிட்டா? வேணாம் விடு. படம் மெதுவா வந்தா மெதுவாத் தைக்கறேன்" என்றார். ரூட்டரை மேஜைக்கும் திருப்பி எடுத்து வைக்கவில்லை. தரையிலேயே இருந்தது. நூல் பிசிறுகளைப் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குவார்.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். மெஷின் ரூமுக்குப் போகும்போது அந்தக் கதவருகில் அவர் நடை தளர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கதவு திறந்திருந்தது. நின்றார். "ஏம்மா, அன்னிக்கு..." என்றார். நன்றாகக் கேட்பதற்காக அக்கா மெஷினை நிறுத்தினார். நான் படியில் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"பெல்ட்டு கீச்சுங்குது. எண்ணெய் விடு" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

வேலையிலிருந்த கடைசி வாரம் வரை சித்தப்பா லிஃப்ட் ஏறி இறங்கினார். இரண்டு வருடங்களுக்கு முன், சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் பலவீனமான சித்தி இருக்கிறார், அவர் போய்விட்டார். வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அக்கா அழவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, தலைமாட்டுப் பெட்டி சரியாக ஓடுகிறதா, இந்தக் களேபரத்தில் யாராவது பிடுங்கிவிட்டார்களா என்று கேட்டார். பார்த்தேன். பச்சைதான்.

எனக்கு இப்போது வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறேன். போன முறை வந்தபோது சித்தியிடம் கேட்டேன், மேலே போய் நாமாவது ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று. சித்தி தன் ரவிக்கைக் கையை நீவிவிட்டுக்கொண்டார்.

"நன்றி எத்தனையோ தடவை சொல்லிட்டேன், கண்ணு. அவ தைச்சுக் குடுத்ததைத்தான் நான் இப்போ போட்டிருக்கேன். ஆனா திருடின்னு சொன்னது அவரு. எல்லாக் கதவும் திறந்திருக்கப்போ சொன்னாரு. அதை நான் எப்படித் திருப்பி எடுக்கறது?"

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அவர் சார்பாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டா, சொன்னால் அது சொன்னதாகுமா என்று தெரியவில்லை. அக்கா தன் வைஃபைக்கு இன்னும் அதே எண்ணைத்தான் வைத்திருக்கிறார். சித்தப்பா சொல்லியிருக்க வேண்டிய சொல் அந்த வீட்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.